வேங்கடத்து மேகமும் மூடுபனி விமர்சனமும்

இசை விமர்சனத்தில் அண்மைக் காலமாக ஒரு சொற்கூட்டம் புழங்குகிறது: கனவுத்தன்மை, மூடுபனி, சூழலோசை, இனம்புரியாத சோகம். பெருநிறுவனங்களைச் சாராமல் வெளியாகும் இண்டி இசைத்தொகுப்பு ஒன்றில் தாளம் மெதுவாகவும் குரல் தணிந்தும் இருந்துவிட்டால், இச்சொற்களே மதிப்புரை ஆகிவிடுகின்றன. ஆங்கிலப் பாடல்களைப் பொறுத்தவரை இது வெறும் சோம்பல். தமிழ்ப் பாடல்களைப் பொறுத்தவரை சோம்பலோடு நிற்பதில்லை. பொருளுள்ள மொழியைப் பொருளற்ற ஒலியாகக் குறைக்கும் செயலாகிவிடுகிறது. அதனை அயலார் செய்தால் பொறுக்கலாம். சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழையும் தெலுங்கையும் ஒருசேரக் காதில் வாங்கி வளர்ந்து, பல்கலைக்கழகம்வரை வந்தவர்கள் செய்தால் பொறுப்பதற்கில்லை.

2025இல் வெளியான கானவ்யாவின் 'நிலம்' என்ற தொகுப்பு இதற்குத் தக்க சான்று. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி அவர். தொகுப்பை வெளியிட்டது ஜெர்மானிய இசைக்கலைஞர் நில்ஸ் ஃப்ராமுடன் தொடர்புடைய லைட்டர் நிறுவனம். குறைந்த கருவிகள், நீண்ட இடைவெளிகள், துயரத்தை மறைக்காத குரல். துயரக் காலத்துக்கான பாடல் என்றே ஒன்றுக்குத் தலைப்பு. மூடுபனிச் சொற்களுக்கு இதைவிட வசதியான இரை கிடைக்காது. ஆனால் அதே தொகுப்பில் 'சினத்தவர் முடிக்கும்' என்று தொடங்கும் திருப்புகழும் இருக்கிறது. விமர்சகர்களின் அகராதி முறிந்துபோகும் இடம் அதுதான்.

அருணகிரிநாதர் அப்பாடலில் அழவில்லை, கனவும் காணவில்லை. சினப்போர், பகைப்போர், கொல்வோர், எள்ளிச் சிரிப்போர், பழிப்போர் என எதிரிகளை வரிசைப்படுத்தி, அவர்களுக்கெல்லாம் திருப்புகழ் நெருப்பாகும் என்று அறிவிக்கிறார். அது பாட்டின் ஆற்றலைப் பற்றிய பாட்டு. வல்லொற்று அடுக்கிவரும் சந்தம் அந்த அறிவிப்பைக் காதில் அறைகிறது. அமைதியே உருவான ஒரு தொகுப்பின் நடுவில் இத்தகைய நெருப்பை வைப்பது ஒரு கலைத் தீர்மானம். சினத்தின் சொற்களைத் துயரத்தின் அருகில் அமர்த்தினால் சினம் என்னவாகிறது, துயரம் என்னவாகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. 'மனத்தை வருடும் கனவோசை' என்று எழுதிவிட்டு நகர்பவர் அக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. அப்படியொரு கேள்வி இருப்பதையே அறியவில்லை.

அந்தத் திருப்புகழ் திருத்தணிகைக்கு உரியது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கர் தீர்ப்பையும் அடுத்து அது தமிழகத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. ஆகவே சித்தூரில் அமர்ந்து இப்பாடலைக் கேட்கும் மாணவருக்கு இது தொலைதேசத்துச் சூழலோசையாக இருக்க இயலாது. பக்கத்து மலையின் பாட்டு இது. அதை அயல்நாட்டு மதிப்புரையின் சொற்களில் திரும்பச் சொல்வது, தன் வீட்டு முகவரியை வழிப்போக்கரிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

தமிழ்க் கவிதையியலில் சூழல் என்பது சொல்லுக்குப் பின்னால் பரவும் புகையன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அவற்றின் மேல்தான் உரிப்பொருளாகிய உணர்வு நிற்கிறது. பிரிவுக்குப் பாலை, இரங்கலுக்கு நெய்தல் என்று துயரத்துக்குக்கூட இன்ன இடம் என வகுத்த மரபு இது. அத்துயரம் இனம்புரியாதது அன்று; இனம் பிரிக்கப்பட்டது. அகநானூற்றில் மாமூலனார் வேங்கடத்தைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்: கள்வர் கோமான் புல்லியின் மலை, அதற்கப்பால் மொழி மாறும் நாடு, பொருள்தேடி அதைக் கடந்து போனவன், இங்கே காத்திருப்பவள். மொழி மாறும் எல்லையையே பிரிவின் அளவுகோலாகக் கொண்ட பாடல்கள் அவை. அந்த எல்லைமேல்தான் இன்றைய திருப்பதி நிற்கிறது.

வானையும் மேகத்தையும் துயரத்தோடு சேர்த்துப் பாடுவது இண்டி இசைக்காரர்களின் புதுக்கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் நாச்சியார் திருமொழியின் எட்டாம் திருமொழியை எடுத்துப் படிக்கலாம். வேங்கடத்தின்மேல் படியும் மேகங்களையே ஆண்டாள் தூது விடுகிறாள். அங்கே மேகம் பின்னணி இல்லை, முன்னிலை. அவள் அதனோடு பேசுகிறாள், முறையிடுகிறாள், பதில் கேட்கிறாள். மெல்லிய சோகம் என்று அதற்குப் பெயரிட்டால் அவளுடைய வழக்கைத் தள்ளுபடி செய்ததாகும்.

எதிர்த்தரப்பில் மற்றொரு கூட்டம் இருக்கிறது. இத்தகைய தொகுப்புகள் மரபைக் கரைக்கின்றன, திருப்புகழையும் கீர்த்தனையையும் இப்படியெல்லாம் பாடலாகாது என்பது அவர்கள் வாதம். திருப்பதியில் நின்றுகொண்டு இதைச் சொல்பவர்கள் தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியரின் செப்பேடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். திருமலைக் கோயிலில் கிடைத்த அவ்வேடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சங்கீர்த்தனங்கள் உள்ளன. பாடலின் தலையில் இராகப் பெயர் உண்டு; சுரக்குறிப்பு இல்லை. மெட்டுகள் வழக்கொழிந்து போயின. இன்று கோயில் ஒலிபெருக்கியிலும் கச்சேரி மேடையிலும் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் முதலிய இருபதாம் நூற்றாண்டு இசையறிஞர்கள் அமைத்தவை. ஐந்நூறாண்டுப் பழமை என்று காக்கப்படும் ஓசை பலவிடத்தும் ஐம்பது, அறுபது ஆண்டுப் படைப்பு. அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. ஆனால் புதிய ஓசை அமைக்கும் உரிமையை அவர்களோடு முடித்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. மேலும், அச்சங்கீர்த்தனங்களில் பெரும்பகுதி சிருங்காரம். அதில் விரகத்தின் பங்கு பெரிது. ஒலிபெருக்கி பக்தியை மட்டும் எடுத்துக்கொண்டு விரகத்தை ஏட்டிலேயே விட்டுவிட்டது. மரபைக் கரைத்தது எது என்ற கேள்விக்கு மரபுக்காவலர் தம்மிடத்தும் விடை தேட வேண்டும்.

பொருளின்றிக் குரலை மட்டும் கேட்பது குற்றமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேசர் சொற்கள் பிடிபடாதவாறு பாடினார். சிகுர் ரோஸ் குழு 2002இல் ஒரு தொகுப்பு முழுவதையும் தாமே புனைந்த, பொருளற்ற அசைகளில் பாடியது. நம் ஆலாபனையிலும் தில்லானாவிலும் சொல்லின் பிடி தளர்கிறது. ஆனால் அவையெல்லாம் பாடுவோர் தேர்ந்த வழிகள். பாடுபவர் சொல்லைத் தேர்ந்து பாடும்போது, கேட்பவர் அதைச் சொல்லற்றதாக்குவது வேறு. ஒலியியல் இதற்கு ஒரு காரணம் தருகிறது. எதிரொலி நீள நீள மெய்யொலிகள் மங்குகின்றன, உயிரொலிகள் நீடிக்கின்றன. தமிழில் 'பட்டு' என்பதையும் 'பாடு' என்பதையும் பிரித்துக் காட்டுபவை ஒற்றின் இரட்டிப்பும் உயிரின் அளவும். எதிரொலியில் ஒற்று கரைந்தால் மொழி அறியாதவருக்கு இழப்பு ஏதுமில்லை. அறிந்தவருக்குப் பாதிப் பாட்டு போய்விடுகிறது. அறிந்தவர் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியதற்கு அதுவே காரணம். கண்மூடி மயங்குவதற்கு அன்று.

ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கும் மண்ணில் இதற்கான கருவிகள் குறைவில்லை. தமிழறிந்தவரும் தெலுங்கறிந்தவரும் இசையறிந்தவரும் ஒரே ஊரில் கிடைக்கிறார்கள். இத்தகைய தொகுப்பு ஒன்றைக் குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை எழுதப்படும்போது, பாடலின் மொழி எது, இயற்றியவர் யார், சொற்பொருள் என்ன, சந்தம் எப்படி மாற்றப்பட்டுள்ளது என்ற நான்கு கேள்விகளுக்கு விடையில்லாமல் அது ஏற்கப்படலாகாது. இது கடுமையான கோரிக்கை அன்று. ஒரு கல்வெட்டைப் படியெடுக்கும் மாணவரிடம் கேட்கப்படுவதைவிடக் குறைவானது.

மதிப்புரைக்காரர் பனியைக் கண்டார்; பனிக்குள் ஒரு மலை இருந்தது. அதற்குப் பெயரும் பாட்டும் உண்டு. அவற்றை அறிந்தவர்களே வாளாவிருந்தால், துயரம் பாடிய குரல்கள் அனைத்தும் உலகச் சந்தையில் உறக்க இசையாக விற்கப்படும். அந்த விற்பனைக்குச் சித்தூரும் திருப்பதியும் கையொப்பமிட வேண்டியதில்லை.