புலி வரவில்லையாம்!

ஆனைமலைக்குச் சென்று திரும்பியோரிடம் "என்ன கண்டீர்கள்?" என வினவினால், "ஒன்றுமில்லை, புலி வரவில்லை" என்பதே மறுமொழி. கணபதியிலிருந்து பொள்ளாச்சி, சேத்துமடை வழியே டாப்சிலிப் ஏறி, வனத்துறை வேனில் சுற்றித் திரும்பும் நம்மவர் பலரின் நிலை இது. இதனைக் கண்டிக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

வெள்ளையர் காலத்தில் வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரியவிட்டதால் வந்த பெயர் டாப்சிலிப். அக்காடு 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. காலடிப் பாறையோ ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. இவற்றைக் கேட்கச் செவி வேண்டாவா?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா வந்த அறிஞர் அல்பிரூனி, மலையருகே பெருங்கற்களையும், தொலைவில் சிறுகற்களையும், கடலை நெருங்க மணலையும் கண்டார். வடபுலச் சமவெளி முன்பு கடலாயிருந்து வண்டலால் தூர்ந்தது என முடிவு கட்டினார். நம் கபிலரோ குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். இவர்கள் புலிக்காகக் காத்திருக்கவில்லை; கண்முன் இருந்ததைப் பார்த்தார்கள்.

"உழைத்துக் களைத்தவன் சற்று வேடிக்கை பார்க்கலாகாதா?" என்பர் சிலர். தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால் அதே கட்டணத்தில் அறிவு பெறும் உரிமையும் அவனுக்கு உண்டு என்பதே நம் வாதம். காடரும் மலசரும் தலைமுறை தலைமுறையாக அறிந்த காடு அது. அவர்களை வெறும் வழித்துணையாக்கி வாய்மூட வைப்பது அநீதி. வண்டியை நிறுத்துங்கள்; ஒரு பாறையை, ஒரு மரத்தை அவர்கள் விளக்கட்டும்; அவ்வறிவுக்குத் தக்க ஊதியமும் கொடுங்கள்.

புலி வராத நாளிலும் மலை அங்கேயேதான் இருக்கிறது. வராதவர் நாமே.