குற்றம் கேபிளுடையது, பழி டேப்லெட்டுக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அப்போது பேரன் தன் பறக்கும் சங்கத்தின் சிறு விமானத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். ரோபேன் டிஆர்400. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம்.

பாரிசுக்குத் தெற்கே போஸ் சமவெளியின் மேல் வழிகாட்டிக்கொண்டிருந்த டேப்லெட் திடீரென்று அணைந்தது. அதுவரை சார்ஜ் ஏறுவதாகக் குறி காட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒர்லி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி எங்கே தொடங்குகிறது என்பதைத் திரையில் பார்த்தே ஓட்டி வந்த பிள்ளை, "தாத்தா, பின்னால மேப் இருக்கும், எடுங்க" என்றான். எடுத்து விரித்தேன். அதில் இடம் தேடிய அந்த இரண்டு நிமிடம் அவன் வெளியே பார்க்கவில்லை. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

இறங்கியதும் சங்கத்தில் எல்லோரும் ஒரே தீர்ப்புச் சொன்னார்கள்: டேப்லெட் பழசு, புதுசு வாங்கு. இந்தத் தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வாழ்நாளெல்லாம் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவன் நான். முக்கியமான தாள் காணாமல் போனால் எழுத்தரைத் திட்டுவார்கள். அறுந்துபோன டேக்கை யாரும் பார்க்கமாட்டார்கள். இங்கேயும் அதே கதை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் பேரனை உட்காரவைத்துச் சோதித்தோம். விலை குறைந்த யுஎஸ்பி மீட்டர் ஒன்று போதும். பிளக் பக்கம் 5.1 வோல்ட். டேப்லெட் பக்கம் 4.3. கேபிளின் கழுத்தை லேசாக வளைத்தால் பூஜ்யம்!

புதுவையில் எங்கள் முசியே பிரெஞ்சில் ஓம் விதி நடத்தியது நினைவுக்கு வந்தது. 28 கேஜ் மெல்லிய கம்பியில் செய்த 2 மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால், போகவர ஏறக்குறைய 1.7 வோல்ட் வழியிலேயே கரையும். 20 கேஜ் கம்பியில் கால் வோல்ட் அளவுதான் போகும். மின்னழுத்தம் குறைந்தால் டேப்லெட் தான் இழுக்கும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் குறி எரியும், பேட்டரி இறங்கும்.

அடுத்த குற்றவாளி சிகரெட் லைட்டர் சாக்கெட். சிகரெட் பற்றவைக்கப் பிறந்த ஓட்டையை மின் இணைப்பாக்கினார்கள். பிளக்கின் நுனியில் உள்ள ஸ்பிரிங்கே அதை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் அதிர்வு மீதி வேலையைச் செய்கிறது. தொட்டுப் பார்த்துப் பிளக் அதிகமாகச் சுட்டால் தொடர்பு சரியில்லை என்று சந்தேகியுங்கள். ரேடியோவில் இரைச்சல் கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் மலிவு சார்ஜர்தான் காரணம்.

"டேப்லெட்டில் பேட்டரி இருக்கிறதே, கேபிள் போனால் என்ன?" என்பார்கள். அந்தப் பேட்டரிதான் ஆபத்தை மறைக்கிறது! கேபிள் ஒரு மணி நேரம் முன்பே செத்திருக்கும். உங்களுக்குத் தெரிவது திரை இருண்ட பிறகுதான்.

ஆகவே ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். முதலில் கேபிள், பிறகு சார்ஜர், கடைசியில் சாக்கெட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, திரையை முழு வெளிச்சத்தில் வைத்துச் சோதியுங்கள். சதவீதம் ஏறினால்தான் கேபிள் நல்லது. எரிபொருளை அளந்து பார்த்துப் புறப்படுகிறவர்களுக்கு இதற்குப் பத்து நிமிடம் இல்லையா?

விற்பவர்களையும் விடமுடியாது. உள்ளே எத்தனை கேஜ் கம்பி என்று உறையில் அச்சிட என்ன செலவு? பளபளக்கும் நைலான் பின்னலைக் காட்டி விற்கிறார்கள். மின்சாரம் பின்னலிலா ஓடுகிறது?

பேரன் இன்றும் அதே டேப்லெட்டை வைத்துத்தான் பறக்கிறான். மாற்றியது குட்டையான, தடித்த ஒரு கேபிளை மட்டும். காகித வரைபடம் இப்போது பின் இருக்கையில் இல்லை, அவன் மடியில் இருக்கிறது.