பால் திரிந்தால் பனீர்!

பன்னீர் என்றால் கல்யாண வாசலில் தெளிக்கும் வாசனைத் தண்ணீர். ஓட்டலில் "பன்னீர் பட்டர் மசாலா" என்று எழுதியிருக்கிறார்களே, அது வேறு. அதன் சரியான பெயர் பனீர். பாரசீக மொழியில் பாலாடைக் கட்டிக்கு அதுதான் பெயர்.

பால் திரிந்துவிட்டால் நம் தாய்மார்களின் முகம் வாடிவிடும். ஆனால் வட நாட்டிலோ, நல்ல பாலை வேண்டுமென்றே திரிய வைக்கிறார்கள்!

எப்படித் திரிகிறது?

பாலில் கேசின் என்ற புரதம் இருக்கிறது. சூடான பாலில் புளிப்பு பட்டதும் அது ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகிறது. கொழுப்பையும் தன்னோடு இழுத்துக்கொள்ளுகிறது. தண்ணீர் தனியே பிரிகிறது. துணியில் வடிகட்டினால் கிடைக்கும் மென்மையான திரளை வங்காளிகள் "சானா" என்பார்கள். பாரம் வைத்து அழுத்தினால் அதுவே கட்டியான பனீர்.

பீட்சாவில் போடும் சீஸ் சூட்டில் உருகும். பனீர் உருகாது. அதனால்தான் வறுத்தாலும், குழம்பில் போட்டாலும் துண்டு துண்டாகவே நிற்கிறது.

ரசகுல்லா சண்டை

ரசகுல்லா, சந்தேஷ் எல்லாம் சானாவில் செய்பவை. 1965-ல் மேற்கு வங்காளத்தில் பால் தட்டுப்பாடு. அப்போதைய முதல் மந்திரி பிரபுல்ல சந்திர சென், சானா இனிப்புகளுக்குத் தடை விதித்தார். இனிப்புப் பிரியர்கள் கொதித்து எழுந்தார்கள்.

பின்னர், ரசகுல்லா யாருடையது என்று வங்காளமும் ஒடிசாவும் மல்லுக்கு நின்றன. 2017-ல் வங்காள ரசகுல்லாவுக்கும், 2019-ல் ஒடிசா ரசகுல்லாவுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு கிடைத்தது.

உடம்புக்கு நல்லதா?

100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் உண்டு. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் உண்டு. புலால் உண்ணாதவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் கொழுப்பும் 20 கிராமுக்குக் குறையாது. நார்ச்சத்து கிடையாது. ஆகவே அளவோடு, காய்கறி, கீரையுடன் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

போலி உஷார்!

பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த போலிப் பனீரும் விற்பனைக்கு வருகிறது. பொட்டலத்தில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். எனவே படித்துப் பார்த்து வாங்குங்கள். மாவு கலந்திருக்கிறதா என்று அறிய, ஒரு துண்டை நீரில் வேகவைத்து, ஆறியதும் சில சொட்டு அயோடின் விடுங்கள். நீலமானால் மாவு இருக்கிறது என்று அர்த்தம். சோதித்த துண்டைத் தின்னக் கூடாது.

பொட்டலத்தில் எழுதினால் மட்டும் போதுமா? ஓட்டலில் தட்டில் வரும் துண்டுக்கு ஏது சீட்டு? பனீர் என்று காசு வாங்குகிறவர்கள் பாலில் செய்ததையே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் விலைப்பட்டியலில் உண்மையை எழுதி வைக்க வேண்டும்.

நீங்களே செய்யலாம்

ஒரு லிட்டர் கொழுப்புள்ள பாலைக் கொதிக்கவைத்து இறக்குங்கள். 2 மேசைக்கரண்டி எலுமிச்சம் சாற்றில் சிறிது தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். பால் திரிந்து தண்ணீர் தெளிந்ததும் நிறுத்துங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, புளிப்புப் போகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். அரை மணி நேரம் பாரம் வைத்தால் 150 முதல் 200 கிராம் வரை பனீர் கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய உதவும்.

ஒன்று மட்டும் கவனம். தானாகக் கெட்டு நாற்றம் எடுத்த பால் இதற்கு ஆகாது. நல்ல பாலில்தான் நல்ல பனீர்!