யாருடைய பிரியாணிக்குக் கடை?

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் மழையைச் சொல்லி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது.

ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் பீப் இல்லை. யாரும் கடை கேட்கவில்லை என்றார் அமைச்சர். கேள்வி எழுந்த பிறகு கடை வந்தது. (மற்ற கடைக்காரர்கள் எல்லாரும் கேட்டுத்தான் வந்தார்களா?)

தமிழ்நாட்டில் பீப் விற்கத் தடைச் சட்டம் இல்லை. சட்டம் செய்யாததைக் கடை ஒதுக்கும் பட்டியல் செய்துவிடுகிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே தருகிறது. அதில் பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது. அரசுத் திருவிழாவில் கடை ஒதுக்கும் குழுவும் அப்படி அமையட்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரட்டும்.