ட்ரிப் சுவிட்சைக் கழற்றாதீங்க

குளியலறை ஹீட்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. "சுவிட்ச்தான் பிழை, டிரெக்டா குடுத்திருவம்" என்கிறார் வயரிங் செய்ய வந்தவர். நாங்களும் தலையாட்டுகிறோம்.

30 மில்லி அம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டுவதுதான் அந்தச் சுவிட்சின் வேலை. உப்புத் தண்ணி அரித்து எலிமெண்ட் வெடித்தால் கரண்ட் தண்ணிக்குள் கசியும். மெயினை ஓஃப் பண்ணி ஹீட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சுவிட்ச் விழாவிட்டால் பிழை ஹீட்டரில். பெரிய பிரேக்கர் போட்டும் பிரயோசனமில்லை. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான்.

பச்சத்தண்ணியில குளிச்சு ஆரும் மௌத்தாகிறதில்ல. ஆனா வெயில் காலத்தில் நிந்தவூர் மணல் காய்ந்தால் எர்த் கம்பியையும் நம்ப ஏலாது. மிச்சம் அந்தச் சுவிட்ச் ஒன்றுதான். அதைக் கழற்றத்தான் நாங்கள் கூலி கொடுக்கிறோம்.