அகப்பை யார் கையில்?

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் ஸ்ரீரங்கத்தில் மோகினி அலங்காரம் பார்க்கத் திருச்சி ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த வேஷத்தின் யோக்கியதை என்ன? பாற்கடலைக் கடையும்போது பாம்பின் விஷமூச்சைத் தாங்கித் தலைப்பக்கம் இழுத்தவன் அசுரன். அமுதம் வந்ததும் பெண் வேஷம் போட்டு அகப்பையைப் பிடித்தவர் கடவுள். உழைத்தவனுக்குக் கிடைத்ததோ பட்டை நாமம்!

கதை கிடக்கட்டும், தோழர்களே! கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பாலுள்ள சமுத்திரம் எந்தச் சர்க்காருக்கும் தனிச் சொத்தல்ல. அங்குள்ள உயிர்களிலிருந்து மருந்துகள் செய்ய வழியுண்டு. ஆனால், 2018-இல் வெளியான ஆராய்ச்சிப்படி, கடலுயிர்களின் மரபணுக்கள் மீது பதிவான பேட்டண்டு உரிமைகளில் 47 சதவிகிதம் ஒரே ஜெர்மன் கம்பெனியிடம். 98 சதவிகிதம் பத்தே நாட்டாரிடம்! கதையில் ஏமாந்தவன் உழைத்தவன். இங்கே ஏமாறுகிறவன் சொந்தக்காரன்.

இந்த லாபத்தைப் பங்கிட 2023-இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஒப்பந்தம் ஏற்பட்டது. 2024 செப்டம்பரில் இந்தியா கையெழுத்திட்டது. 2026 ஜனவரி 17 முதல் அது அமுலுக்கு வந்தது. பணப்பங்கு எவ்வளவு என்பதோ அங்கத்தினர் நாடுகளின் மகாசபைக்கு விடப்பட்டது.

"கப்பலும் மூளையும் எங்களுடையவை" என்பார்கள். வகுப்புரிமை கேட்டபோது "தகுதி, திறமை" என்று பாடிய அதே பல்லவிதான் இது! அவர்கள் கூலியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பொதுச் சொத்தில் எடுத்தவன் பொதுவுக்கும் கொடுக்க வேண்டாமா? பணம் மட்டும் போதாது. பாம்பன் மீனவன் மகளும் ஆராய்ச்சிசாலையில் அமர வேண்டும். அகப்பையைக் கடவுளிடமோ கம்பெனியிடமோ விட்டுவிட்டு அமுதத்துக்குக் காத்திருப்பது அறிவுடைமையாகுமா?