ரிமோட்டுக்கு விடை கொடுப்போமா?

"ரிமோட்டை எங்கே வெச்சே?" இந்தக் கேள்வி எழாத வீடு உண்டா? சோபா இடுக்கில் கிடந்ததைத் தேடி எடுத்தாலும், இத்தனை பொத்தான்களில் எதை அழுத்துவது என்று பாட்டி விழிப்பார்.

1955இல் அமெரிக்காவின் ஸெனித் நிறுவனம் கம்பியில்லா ரிமோட்டை அறிமுகப்படுத்தியது. ஒளியைப் பாய்ச்சினால் ஒளிவழி மாறும். வெயில் பட்டாலும் மாறிவிடும்! மறு ஆண்டே ஒலியில் இயங்கும் ரிமோட் வந்தது. பிறகு அகச்சிவப்புக் கதிர் இடம்பிடித்தது.

2010இல் மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கருவி கையசைவைப் புரிந்துகொண்டது. இனி கையசைத்தே தொலைக்காட்சியை இயக்கலாம் என்றார்கள். ஆனால், கையைத் தூக்கிப் பிடித்தால் சற்று நேரத்தில் தோள் வலிக்கும். அதனால் அது பரவவில்லை. நிலைத்தது குரல்தான்.

கண் மங்கியவர்களுக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது பெரிய வரம். "பழைய சிவாஜி படம் போடு" என்றால் படம் ஓட வேண்டும். பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால், மலாயும் ஆங்கிலமும் கலந்த நம் வீட்டுத் தமிழ் அதற்குப் புரியுமா? புதுத் தொலைக்காட்சி வாங்கும்போது பாட்டியையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரையே பேசவிட்டுப் பாருங்கள். ஒலிவாங்கியை அணைக்கும் வழியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுப் பேச்சு முழுவதையும் தொலைக்காட்சி கேட்க வேண்டியதில்லை.

படம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் போதாது; பாட்டி சொல்வதும் அதற்குப் புரிய வேண்டும்.